கட்டம் போட்ட முகம்

மார்ச் 3, செவ்வாய்

பேசாமல் இருந்தது போதும். இனி எழுதப் போகிறேன். யாருக்காக என்று இப்போதைக்குத் தெரியவில்லை. ஆனால் ஒருநாள் இதையெல்லாம் நாலு பேர் படிக்கும்படி எங்காவது போடுவேன், கீழே என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு.

இன்றைக்கு ஆரம்பிக்கக் காரணம் இருக்கிறது. நேற்று எங்கள் செய்தி நிறுவனம் வெளியிட்ட காணொளியின் கடைசியில் பெயர்கள் ஓடின. செய்தியாளர் பெயர், கேமரா பிடித்தவர் பெயர், மேற்பார்வை என்று மாப்பிள்ளையின் பெயர். வண்டி ஓட்டியவர் பெயர்கூட இருந்தது. காட்சித் தொகுப்பு என்ற வரியே இல்லை. வெட்டி, ஒட்டி, வண்ணம் சரிசெய்து, பின்னால் கேட்ட நாய்க் குரைப்பை எல்லாம் எடுத்துவிட்டு அதைப் பார்க்கும்படி ஆக்கியவன் நான். மாப்பிள்ளையிடம் கேட்டதற்கு, "அச்சச்சோ, விட்டுப்போச்சு சார். அடுத்த தடவை கண்டிப்பா போட்டுடறேன்." அடுத்த தடவையாம்.

மாப்பிள்ளை என்பது அவருக்கு முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்திருக்கும் பெயர். முதலாளியின் மகளைக் கட்டியவர். பயிற்சிக்கு வந்த காலத்தில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்டவர். அப்போது அவரைத் 'தம்பி' என்பேன். கல்யாணம் முடிந்த கையோடு காணொளிப் பிரிவுக்குத் தலைவர் ஆகிவிட்டார். நானும் 'சார்' என்று கூப்பிடத் தொடங்கினேன். அவரும் என்னைச் 'சார்' என்கிறார். இரண்டு சாருக்கும் வித்தியாசம், அவர் அறைக்குக் கதவு இருக்கிறது.

நான் இயற்பியலில் முதுகலை. விரிவுரையாளர் வேலை கைக்கு வந்து நழுவிப் போனது. யாருடைய சித்தப்பா யாரிடம் சொன்னதால் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் எழுதுவேன். ஒவ்வொன்றாக.

மார்ச் 5, வியாழன்

"என்னங்க அது, உயிலா?" என்று கேட்டாள் மனைவி.

"யார் யார் எனக்கு என்ன செஞ்சாங்கன்னு எழுதறேன்."

"அப்ப இந்த நோட்டு பத்தாது" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

மார்ச் 6, வெள்ளி

இன்று ஒரு நர்ஸ் வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அங்கே இரவு ஆனதும் வயதானவர்களைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்களாம், எழுந்து நடந்தால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று. இவளையே கட்டச் சொன்னார்களாம். ஒரு கிழவர் மணிக்கட்டில் விழுந்த தழும்பைப் பார்த்ததற்குப் பிறகு இவளால் சாப்பிட முடியவில்லை. எங்கள் செய்தியாளர் பெண் விடாமல் பேசிப் பேசி இவளைக் கேமரா முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டாள். முகத்தை மறைத்து, குரலை மாற்றித்தான் போடுவோம் என்று ஒப்பந்தம்.

பேசும்போது தலையை லேசாக ஆட்டிக்கொண்டே பேசுகிற பழக்கம் அவளுக்கு. இடது புருவம் நடுவில் அறுந்திருக்கும், சின்ன வயதில் விழுந்த அடியாம். கிழவரைப் பற்றிச் சொல்லும்போது அழுதாள்.

எல்லாம் முடிந்ததும் நேராக என் மேஜைக்கு வந்தாள். முகத்தை மறைப்பது நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணே, எங்கம்மா பார்த்தாக்கூட நான்னு தெரியக்கூடாது. இந்தச் சம்பளத்துலதான் வீடு ஓடுது."

நான் சிரித்துவிட்டேன். "உங்கம்மா என்னம்மா, நீயே பார்த்தாலும் உனக்குத் தெரியாது."

"இப்பல்லாம் ஏதோ செஞ்சு திரும்ப எடுத்துடறாங்கன்னு சொல்றாங்களே?"

உட்கார வைத்து விளக்கினேன். ஐந்து பேர் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்லாமல் சராசரி ஐம்பது என்று மட்டும் சொன்னால், யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று உன்னால் சொல்ல முடியுமா? முடியாது. முகத்தை மறைக்கக் கட்டம் போடுவதும் அதேதான். ஒரு கட்டத்துக்குள் இருக்கிற எல்லாப் புள்ளிகளுக்கும் சராசரி எடுத்து ஒரே நிறமாகப் பூசிவிடுகிறோம். போனது போனதுதான். சினிமாவில் பெரிதாக்கு பெரிதாக்கு என்று சொல்லிக் கொலைகாரன் முகத்தைக் கண்டுபிடிப்பதெல்லாம் கதை.

அவள் முகம் தெளிந்தது. நல்ல ஆசிரியனாக இருந்திருப்பேன். விட்டவர்களுக்குத்தான் நஷ்டம்.

மார்ச் 9, திங்கள்

மாடிப்படியில் வழிமறித்தார் மாப்பிள்ளை.

"சார், அந்த நர்ஸ் முகத்துக்குக் கட்டம் வேணாம். மொத்தமா கருப்பா மூடிடுங்க."

"ஏன்?"

"இல்ல சார், சேஃபா இருக்கட்டுமே."

எனக்கு. எனக்குப் பாடம் எடுக்கிறார். கட்டம் என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். 'சரி சார்' என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

கருப்பாக மூடினால் அது என்ன, மனுஷி பேசுகிற மாதிரியா இருக்கும்? கதவு பேசுகிற மாதிரி இருக்கும். கட்டம்தான் போட்டேன். வழக்கத்தைவிடச் சின்னக் கட்டம். அவள் அழும் இடத்தில் கன்னத்தில் ஒரு மினுமினுப்பு தெரியவேண்டும், முகம் தெரியக்கூடாது. அந்த அளவு பார்த்துப் பார்த்து வைத்தேன். நன்றாக வந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு இதெல்லாம் புரியாது.

மார்ச் 11, புதன்

காணொளி வெளியானது. கடைசியில், 'காட்சித் தொகுப்பு' என்று போட்டு என் பெயர். முழுப் பெயர், பட்டத்தோடு. சொன்னபடி போட்டுவிட்டார்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கு" என்றாள். இருந்தாலும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

மார்ச் 12, வியாழன்

எங்கு பார்த்தாலும் அந்தக் காணொளிதான். இல்லத்தில் அதிகாரிகள் சோதனை போட்டார்களாம். என் கல்லூரித் தோழன் ஒருவன், என் இடத்தில் பேராசிரியராக உட்கார்ந்திருப்பவன், வாழ்த்து அனுப்பியிருந்தான். பதில் போடவில்லை.

மார்ச் 13, வெள்ளி

செய்தியாளர் பெண் ஓடி வந்தாள். கையில் போன்.

"சார், இதைப் பாருங்க."

இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில். இடது பக்கம் நான் கட்டம் போட்ட முகம். வலது பக்கம் கட்டம் இல்லாமல் ஒரு முகம். கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். கீழே, 'புளுகு மூட்டை நர்ஸ் இவள்தான்' என்று எழுதியிருந்தது. இல்லத்துக்கு வேண்டப்பட்டவர்கள் யாரோ செய்த வேலை.

"இது நிஜ முகம் இல்லம்மா" என்றேன். "கம்ப்யூட்டர் கற்பனை பண்ணி வரைஞ்சது. லட்சம் முகத்தைக் காட்டிப் பழக்கியிருப்பாங்க. அது பாட்டுக்கு இங்க ஒரு கண்ணு, அங்க ஒரு மூக்குன்னு ஒட்டிவிடும். பார்க்க முகம் மாதிரி இருக்கும், ஆனா யார் முகமும் இல்ல."

நான் சொன்னது பொய்யில்லை. அப்படிச் செய்கிற மென்பொருள்கள் இருக்கின்றன.

அவள் என் மூக்குக்கு நேரே போனை நீட்டினாள். "அப்ப அந்தப் புருவம்? அதையும் கற்பனை பண்ணுச்சா?"

இடது புருவம் நடுவில் அறுந்திருந்தது.

எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு உட்கார்ந்து முதலாளிக்கு ஒரு விளக்கக் குறிப்பு எழுதி அனுப்பினேன். கட்டமிட்ட முகத்தை மீட்பது தொழில்நுட்ப ரீதியில் இயலாது, பரவும் படம் கற்பனையே என்று. அழகான நடையில் எழுதியிருந்தேன். கையெழுத்துக்குக் கீழே பட்டத்தையும் போட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

மத்தியானம், வீட்டில். என் கையாலேயே செய்து பார்த்தேன்.

ஒரே ஒரு படமாக இருந்திருந்தால் நான் சொன்னது சரி. ஆனால் இது ஓடுகிற படம். அவள் தலையை ஆட்டிக்கொண்டே பேசினாள். நான் கட்டங்களைத் திரையில் அசையாமல் நிறுத்திவிட்டேன்; அவற்றுக்குக் கீழே முகம் நகர்ந்துகொண்டே இருந்தது. வேலி இடுக்கில் ஒரே இடத்தில் நின்று பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது. வேலியோரமாக நடந்துகொண்டே பார்த்தால் தெரிந்துவிடும். இது சின்னப் பிள்ளைக்குத் தெரியும். மதிப்பெண் உதாரணத்திலேயே சொல்கிறேன்: ஐந்து பேர் சராசரியை ஒரு தடவை சொன்னால் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் ஒருவரை எழுப்பிவிட்டு வேறொருவரை உட்கார வைத்து, புதிதாகச் சராசரி சொல்லிக்கொண்டே போனால்? கூட்டிக் கழிக்கத் தெரிந்தவன் எல்லாரையும் கண்டுபிடித்துவிடுவான். அவளுக்கு முதல் பாதியை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது பாதி எனக்குத் தெரியாததா? தெரியும். எம்.எஸ்ஸியில் அதைத்தான் பரீட்சையில் எழுதினேன். போதாக்குறைக்குச் சின்னக் கட்டம் வேறு.

நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி ஓட்டவிட்டேன். எந்தக் கற்பனை மென்பொருளும் கிடையாது. வெறும் கூட்டல் கழித்தல். டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. முதலில் தாடை. பிறகு மூக்கு. பிறகு அந்தப் புருவம்.

பின்னால் மனைவி வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"யாருங்க இந்தப் பொண்ணு?" என்றாள். "அழுதிருக்கா போலிருக்கே."

மார்ச் 16, திங்கள்

முதலாளி அறையில் கூட்டம். மாப்பிள்ளை, செய்தியாளர் பெண், நான்.

முதலாளி என் குறிப்பை எடுத்து உரக்கப் படித்தார். "இயலவே இயலாதுன்னு எழுதியிருக்காரு. படிச்ச மனுஷன். அப்ப இந்தப் போன்ல இருக்கிறது என்ன, பேயா?"

செய்தியாளர் பெண் சொன்னாள்: "இல்லத்துல அவளைக் கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க சார். இது நீயான்னு கேட்டிருக்காங்க. ஆமான்னுட்டா. அன்னிக்கே வேலை போச்சு."

நான் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். முடியும் சார், நேற்று நானே செய்து பார்த்தேன், கருப்பாக மூடச் சொன்னார், நான் மூடவில்லை. நாலே வாக்கியம்.

மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "முடியும் மாமா. கருப்பா மூடியிருக்கணும். நான்தான் சொல்லாம விட்டுட்டேன். நான் பார்த்த பிறகுதான் வெளியே போச்சு. தப்பு என்னுது."

சொல்லாமல் விட்டாரா? படியில் நிறுத்திச் சொன்னவர்!

முதலாளி கத்தினார். பொண்ணைக் கொடுத்த தோஷம் என்றுகூட ஒரு வார்த்தை விட்டார், எங்கள் முன்னாலேயே. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது நுனி இரண்டும் சிவந்துவிட்டன. எத்தனை வருடமாக இந்தக் காட்சியைப் பார்க்க ஆசைப்பட்டேன்! இதோ பார்த்தாகிவிட்டது.

நான் வாயைத் திறக்கவில்லை.

பேசாமல் இருந்தது போதும் என்று இதே நோட்டில் முதல் வரி எழுதியிருக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

கட்டிக் கொடுத்த சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். வயிற்றுக்கு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவியிடம் சொன்னேன்.

மார்ச் 19, வியாழன்

மாப்பிள்ளை அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன்.

"தம்பி" என்று வந்துவிட்டது வாயில். எத்தனையோ வருடம் ஆகிறது அப்படிக் கூப்பிட்டு. அவர் நிமிர்ந்து பார்த்தார். நானும் திருத்திக்கொள்ளவில்லை.

"நீங்க கருப்பா மூடச் சொன்னீங்க. நான்தான் கேக்கல."

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் அங்க அப்படிச் சொன்னீங்க?"

"என்னை மாமா திட்டுவாரு, ராத்திரி சாப்பிடக் கூப்பிடுவாரு. உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாரு." கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "இன்னொண்ணு இருக்கு. நான் பார்த்த பிறகுதான் போச்சுன்னு சொன்னேனே, அது பொய். நான் திறந்தே பார்க்கல."

"ஏன் பார்க்கல?"

"சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"உங்க வேலையை நான் திறந்து பார்த்தேன்னு தெரிஞ்சா ரெண்டு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்க சார். போன தடவை வணக்கம் சொன்னாக்கூட வாங்கல. எதுக்கு வம்புன்னு அப்படியே அனுப்பிட்டேன். பேரையும் போட்டுட்டோமே, சந்தோஷமா இருக்கட்டும்னு..."

அதற்கு மேல் அவர் என்ன சொன்னார் என்று ஞாபகம் இல்லை.

என் கர்வத்தால் தப்பு நடந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான். தப்பைத் தடுத்திருக்கக்கூடிய ஒரே ஆள், என் மூஞ்சிக்குப் பயந்து தள்ளி நின்றிருக்கிறார். இவ்வளவு காலமும் ஊரெல்லாம் சேர்ந்து என்னை ஒதுக்குகிறது என்று கணக்கு எழுதிக்கொண்டிருந்தேனே — இது என்ன? நெருப்பைச் சுற்றிப் போவது போல என்னைச் சுற்றிப் போயிருக்கிறார்களா எல்லோரும்?

மார்ச் 20, வெள்ளி

முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஒன்றுவிடாமல். படியில் சொன்னது, நான் கேட்காதது, சின்னக் கட்டம், குறிப்பில் எழுதியது தவறு, எல்லாம்.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"மாப்பிள்ளைக்காக நீங்க பழியை ஏத்துக்கறீங்களாக்கும்? அவன்தான் அனுப்பி வச்சானா?"

"இல்ல சார், உண்மையிலேயே—"

"புரியுதுய்யா. என் பொண்ணும் நேத்து அழுதா. இவ்வளவு விசுவாசம் இந்தக் காலத்துல யாருக்கு இருக்கு? போங்க, போய் வேலையைப் பாருங்க."

எழுந்து வந்து தோளைத் தட்டிக் கொடுத்தார்!

வாழ்க்கையில் முதன்முறையாக உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பெயர், ஜால்ரா. மாப்பிள்ளைக்கு நான் ஜால்ரா! சிரிக்கத்தான் வேண்டும். வெளியே வந்து கழிவறையில் முகம் கழுவினேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

செய்தியாளர் பெண்ணைக் கெஞ்சி, அவளோடு நர்ஸ் வீட்டுக்குப் போனேன். "வந்து என்ன சார் செய்யப் போறீங்க? சராசரி எடுக்கவா?" என்று கேட்டாள் வழியில்.

ஒற்றை அறை வீடு. ஜன்னலைச் சாத்தித் துணி தொங்கவிட்டிருந்தார்கள். அவள் அம்மா கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் யார் என்று மகள் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

மன்னிப்பு என்ற சொல்லோடு ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது நீங்க இல்லைன்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். "கம்ப்யூட்டர் வரைஞ்சதுன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம்." கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கே தெரிந்தது, இது என்ன கேள்வி என்று. நான் எழுதிய பொய்யை அவளையும் சொல்லச் சொல்கிறேன்.

"அப்படிச் சொன்னா, நான் சொன்னதும் பொய்யாயிடும்ல? அந்தத் தாத்தாவைக் கட்டிப்போட்டது நிஜம். பேசினது நான்தான். ஆமான்னேன்."

பிறகு குரல் மாறியது. "அண்ணே, நீங்க சத்தியம் எல்லாம் பண்ணல. சிரிச்சீங்க. நான் என்னமோ முட்டாள்தனமாக் கேட்ட மாதிரி. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நம்பினேன். எங்கம்மாகிட்ட வந்து சொன்னேன், அங்க படிச்சவர் ஒருத்தர் இருக்காரு, சிரிக்கிறாரு, பயமில்லைன்னு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

வேறு இடங்களில் வேலை கேட்டுப் போனாளாம். போனில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்களாம். தெருமுனைக் கடையில்கூட. ஒருவர் புருவத்தைத் தொட்டுப் பார்க்க வந்தாராம்.

புறப்படும்போது கேட்டாள்: "இதைத் திரும்ப மறைக்க முடியுமா? எல்லார் போன்லயும் இருக்கிறதை?"

"முடியாதும்மா."

இந்த முறை நான் சிரிக்கவில்லை. சரியான பதிலும் அதுதான்.

வாசல் வரை வந்தவள், "ஒண்ணு மட்டும் செய்ங்க" என்றாள். "எங்கயாவது போய் என்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன், நடந்ததைச் சொல்றேன்னு உங்க பேரைப் போட்டு எழுதி, என்னைத் திரும்ப இழுத்து விட்றாதீங்க. உங்க பேரைத் தட்டினா அந்த வீடியோ வருது. பார்த்தேன்."

என் பெயர். பட்டத்தோடு.

மார்ச் 24, செவ்வாய்

காணொளியை எங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டுக் கருப்பாக மூடிய புதுப் பிரதியை ஏற்றினேன். மாப்பிள்ளை பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வினாடியாகத் திறந்து பார்த்தார். நான்தான் பார்க்கச் சொன்னேன். கடைசியில் ஓடும் என் பெயரையும் எடுத்தேன்.

ஊரெல்லாம் சுற்றும் பழைய பிரதியில் என் பெயர் இருந்துகொண்டுதான் இருக்கும்.

மார்ச் 26, வியாழன்

வேறொரு நகரத்து மருத்துவமனையில், பின்புறம் துணி துவைக்கும் பிரிவில், நர்ஸுக்கு ஒரு வேலை பார்த்திருக்கிறாராம் மாப்பிள்ளை. யாரும் முகம் பார்க்காத இடம் என்று செய்தியாளர் பெண் சொன்னாள். நர்ஸ் படிப்பு படித்தவள். அதற்குப் போகிறாளாம்.

மார்ச் 29, ஞாயிறு

எங்களைப் போல் படம் வெட்டி ஒட்டுகிறவர்கள் கூடும் இணையத் தளம் ஒன்று உண்டு. சந்தேகம் கேட்பார்கள், சண்டை போடுவார்கள். இன்றும் ஒருவன் கேட்டிருந்தான்: 'சாட்சி சொல்கிறவர் முகத்துக்குக் கட்டம் போட்டால் போதுமா? திரும்ப எடுத்துவிட முடியுமா?' கீழே ஒரு பெரிய மனிதர் பதில் எழுதியிருந்தார். சராசரி, மதிப்பெண், போனது போனதுதான். அச்சு அசல் என் விளக்கம். முடிவில் சிரிக்கிற பொம்மை முகம் ஒன்று.

மதியம் முழுக்க உட்கார்ந்து இந்தக் குறிப்புகளைத் தட்டச்சு செய்தேன். கருப்பாக மூடுங்கள், மூடியதை வேறொருவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், யாராவது கேட்டால் சிரிக்காதீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும்தான். ஆனால் அதைப் படித்துவிட்டு, நமக்குத் தெரியாததா என்று போய்விடுவார்கள். நான் போயிருப்பேன். அதனால் முழுவதையும் போடுகிறேன்.

பெயர்கள் எல்லாவற்றையும் எடுத்தேன். ஊர், தெரு, நிறுவனம், இல்லம். அந்தப் புருவத்தில் வந்து நின்றுவிட்டேன். புருவம் இல்லாமல் இந்தக் கதை இல்லை; புருவம் இருந்தால் அவள் இருக்கிறாள். கடைசியில் வேறொரு அடையாளமாக மாற்றினேன். நீங்கள் படித்த புருவம் அவளுடையது அல்ல. அவளிடம் வேறெங்கோ வேறொன்று இருக்கிறது. தலையாட்டுவதை மட்டும் விட்டுவைத்தேன், பேசும்போது எல்லோரும் ஆட்டுவதுதான்.

மனைவி படித்துப் பார்த்தாள். மறுபடி மேலே போய்த் தலைப்புக்குக் கீழே தேடினாள். பிறகு, "பேரு போடலையா?" என்றாள்.

"இல்ல."

"அந்தப் பொண்ணுக்காகவா, உங்களுக்காகவா?"

தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. பெயர் போடக் கூடாது என்று அந்த நர்ஸ் கேட்டதில் எனக்கும் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் வெட்கமாக இருக்கிறது.

தளத்தில் கடைசிக் கட்டம், எழுதியவர் பெயர். பழக்கத்தில் கை பட்டத்தோடு தட்டிவிட்டது. ஓர் எழுத்துக்கூட மிச்சம் வைக்காமல் அழித்தேன். காலியாகவே அனுப்புகிறேன்.